சொர்ணத்தாண்ட கேட்டியா?

பெரும்பாக்கம்
14.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் உன் முழங்கால். தைலம் தேய்க்கிறாயா, இல்லை அண்ணியைத் தேய்க்கச் சொல்லிவிட்டு அவளையே திட்டுகிறாயா? நானும் நிலாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அவளுக்குத் தரமணி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் ஆரம்பித்துவிட்டது.

போனை எடுத்துப் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன காகிதம் என்று நினைப்பாய். எல்லாம் போனால் வந்த வினைதான். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆயாம்மாக்களை வரிசையாக நிறுத்திவைத்து உன் சின்னவர், தாளாளர் ஜவஹர் சார் பேசினார். மே மாதம் லீவுதானே, இனிமேல் அதற்குச் சம்பளம் கிடையாது என்றார். அவர் அப்பா இருந்தவரை மே மாதமும் கொடுத்தார் என்பது உனக்குத் தெரியாததா? எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"பெரியவரு கட்டின ஸ்கூல இந்தப் புள்ள அவுங்க நகைக்கடை மாரி நடத்துதுண்ணா. எங்கள தராசுல வச்சி நிறுக்குது. சேதாரம் மட்டும் எங்க தலைல!" இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அனுப்பிவிட்டுப் பார்க்கிறேன், உனக்குப் போகவில்லை. பள்ளி ஊழியர்கள் குரூப்புக்குப் போயிருக்கிறது! பிரின்சிபால், ஆபீஸ்காரர்கள், ஜவஹர் சார் எல்லாரும் இருக்கிற குரூப். அழிப்பதற்குள் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். மறுநாள் எனக்கு மெமோ.

கதை அங்கே முடியவில்லை. மத்தியானம் வேன் ஓட்டுகிற மெஹபூப் அலி அண்ணன் வந்தார். "யம்மா, நாங்க இத்தினி வருசமா மனசுல வச்சிகினு கீறத நீ ஒரு நிமிசத்துல சொல்லிட்டுப் போய்க்கினே கீற. சங்கம் வச்சிரலாமா?" என்றார். என்னோடு மழலை வகுப்பில் வேலை செய்கிற சகினா இருக்கிறாளே, அவள் அங்கேயே கை தட்டினாள்.

இனி சங்க விஷயம் எதுவும் போனில் பேசுவதில்லை என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம். அதனால்தான் தபால். பெரியவருக்கு முப்பது வருஷம் கார் ஓட்டியவன் நீ. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் நீ. அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். உன் அபிப்பிராயம் எழுது. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கச்சி
சொர்ணம்


மதுராந்தகம்
25.6.2025

அன்புத் தங்கை சொர்ணத்துக்கு அண்ணனின் ஆசி.

முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி நானும் உன் அண்ணியும் சுகம். இங்கே பள்ளியின் புதுக் கிளைக்கு இரண்டாவது மாடி ஏறுகிறது. நான் சிமெண்டு மூட்டைக்குக் காவல். கட்டட வேலை முடிந்ததும் மறுபடியும் கார்தான் என்று சின்னவர் சொல்லியிருக்கிறார்.

உன் வாய் உன்னை எங்கே கொண்டு போய் விடும் என்று சின்ன வயசிலிருந்தே எனக்குப் பயம். சங்கம் கிங்கம் எல்லாம் நமக்கு வேண்டாம் சொர்ணம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பெரியவர் இல்லாவிட்டால் நம் குடும்பம் என்ன ஆகியிருக்கும்? சின்னவர் இளரத்தம், வேகமாகப் பேசுவார், பிறகு இறங்கி வருவார். நீ போய் மன்னிப்புக் கேட்டுவிடு. நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

நிலாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அசோகன்


பெரும்பாக்கம்
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எங்கள் பிளாக்கில் லிப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஆறாவது மாடி ஏறி ஏறி உன் முழங்கால் வலி எனக்கும் வந்துவிடும் போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலா, "மாமா யார் கட்சிம்மா?" என்றாள். "மாமா எப்பவும் ஸ்டியரிங் கட்சிடி" என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

மன்னிப்புக் கேட்டேன், அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும். மிச்சம் சொன்னதற்குக் கேட்கவில்லை. உப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த உப்பை நாங்களும் வேலை செய்துதான் தின்றோம் அண்ணா, சும்மா யாரும் ஊட்டவில்லை.

சங்கம் வைத்தாயிற்று. மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகப் பாதித் தெருவைத் தகரம் அடித்து மூடியிருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போய்க் குளக்கரையில் உட்கார்ந்து பேசினோம். ஆயாம்மா, வேன் ஓட்டுநர், பெருக்குகிறவர்கள், வாட்ச்மேன் எல்லாரும் சேர்ந்து முப்பத்திரண்டு பேர். மெஹபூப் அலி அண்ணன் தலைவர், நான் செயலாளர். சிரிக்காதே.

ஆனால் அதற்குள் ஜவஹர் சார் வேறு குண்டு போட்டுவிட்டார். தீபாவளிக்குப் பிறகு நாங்கள் யாரும் பள்ளியின் ஆட்கள் இல்லையாம். ஒரு ஏஜென்சியிடம் விட்டுவிடப் போகிறாராம். விருப்பமிருந்தால் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாமாம். என் பத்தொன்பது வருஷ சர்வீஸ் பூஜ்யம், சம்பளம் முதல்நாள் சம்பளம்.

"உங்க யாரையும் வெளிய அனுப்பலையேம்மா. அதே வேலை, அதே யூனிபார்ம். என்ன வித்தியாசம்?" என்றார்.

"வித்தியாசம் இல்லன்னா எதுக்கு சார் மாத்துறீங்க?" என்று சகினா கேட்டாள்.

எந்த ஏஜென்சி என்று மெஹபூப் அலி அண்ணன் கேட்டார். அது எங்கள் விஷயம் என்று சொல்லிவிட்டு ஜவஹர் சார் எழுந்து போய்விட்டார்.

அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? உன்னால் தெரிந்துகொள்ள முடிந்தால் எழுது. எனக்கு வயது நாற்பத்தேழு. நிலா படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இந்த வேலையை நான் விடப் போவதில்லை.

சொர்ணம்


மதுராந்தகம்
17.8.2025

தங்கை சொர்ணத்துக்கு,

நாங்கள் சுகம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

ஏஜென்சி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். காலம் மாறுகிறது, நாமும் கொஞ்சம் வளைந்து போக வேண்டும்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். மழலை வகுப்புக்கு மொத்தம் எத்தனை ஆயாம்மா? காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும்? புதிதாக ஒரு பெண் வந்தால் வேலை பழக எவ்வளவு நாளாகும்? உங்கள் சங்கத்தில் யார் உறுதியாக நிற்கிற ஆள், யார் பயந்த சுபாவம்?

உடம்பைப் பார்த்துக்கொள். மாடி ஏறும்போது மெதுவாக ஏறு.

அசோகன்


பெரும்பாக்கம்
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன். ஆடி மாதக் கூழ் ஊற்றினோம். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். நீ இல்லாமல் நிலா ஒருத்தியே தீர்த்தாள்.

கேட்டாயே, மழலை வகுப்புக்கு எட்டுப் பேர். ஏழரைக்குள் வந்துவிட வேண்டும். பிள்ளைகளை உள்ளே வாங்குவது, பாத்ரூம் அழைத்துப் போவது, கழுவிவிடுவது, ஊட்டுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, சாயந்தரம் வாசலில் நின்று உரிய ஆள் கையில் ஒப்படைப்பது. இதைப் பழக எவ்வளவு நாளாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

யார் பயந்த சுபாவம் என்று கேட்டிருந்தாய். எல்லாருக்கும் பயம்தான் அண்ணா. எனக்கும் பயம். பயந்துகொண்டேதான் நிற்கிறோம். பெயர் எல்லாம் உனக்கு எதற்கு?

இன்னொரு விஷயம். சகினாவின் தம்பி உன்னைக் கிண்டியில் பார்த்தானாம். ஏதோ ஆபீஸ் வாசலில் ஜவஹர் சாரோடு வெள்ளைச் சட்டையில் நின்றாயாம். பட்டணம் வரைக்கும் வந்து தங்கச்சி வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாமல் என் அண்ணன் போக மாட்டான், நீ பார்த்தது வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரிதானே?

சொர்ணம்


பெரும்பாக்கம்
28.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று அண்ணிக்குப் போன் போட்டேன். "நல்லாத்தான் கீறாரு" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் குக்கர் விசிலடிக்கிறது என்று வைத்துவிட்டாள். நம் அண்ணி போனை வைக்கிற ஆளா? அடுப்பில் சோறு தீய்ந்தாலும் பேசுகிறவள் ஆயிற்றே! எனக்கு மனசு சரியில்லை. என்னவென்று எழுது.

இங்கே விஷயம் தொழிலாளர் அலுவலகம் வரை போய்விட்டது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுகிற அதிகாரி ஒரு பெண், அனுப்ரியா மேடம். நிலாவைவிடப் பத்து வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கெட்டி. முதல் கூட்டத்துக்கு ஜவஹர் சார் வரவில்லை, வக்கீலை அனுப்பி வாய்தா கேட்டார். "குழந்தைங்களக் கழுவி விடுறவங்க லீவு போட்டு வந்து உக்காந்திருக்காங்க, உங்க தாளாளருக்கு என்ன சார் அவ்வளவு வேலை?" என்று மேடம் கேட்டார். வக்கீல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் அக்டோபர் ஒன்பது. ஏஜென்சிக்காரரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். நாங்களும் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். நவம்பர் மூன்றாம் தேதி ஏஜென்சி ஆள் உள்ளே வருகிறது என்றால், நாங்கள் வாசலுக்கு வெளியே நிற்போம்.

தீபாவளிக்கு நீயும் அண்ணியும் இங்கே வந்துவிடுங்கள். சண்டை சண்டையாக இருக்கட்டும், அதிரசம் அதிரசமாக இருக்கட்டும்.

சொர்ணம்


மதுராந்தகம்
4.10.2025

சொர்ணத்துக்கு,

சுகம். கவலைப்படாதே.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். நோட்டீஸைத் திரும்ப வாங்கிவிடுங்கள். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி வந்தால் உனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைக்கும், நாற்காலி போட்டு உட்காரலாம். அதற்கு ஏற்பாடு ஆகும். எப்படி என்று கேட்காதே.

ஒன்பதாம் தேதி கூட்டத்துக்கு உன் தலைவரையே அனுப்பிவிடு. நீ போக வேண்டாம். நான் சொன்னதைக் கேள்.

அசோகன்


பெரும்பாக்கம்
10.10.2025

திரு. அசோகன் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் உடல்நலத்தை நேற்று நேரிலேயே பார்த்துக்கொண்டேன். நன்றாகவே இருக்கிறீர்கள்.

"ஏஜென்சி சார்பா யாரு?" என்று மேடம் கேட்டபோது ஜவஹர் சாருக்குப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "நான்தாங்க மேடம், ஓனரு" என்றீர்கள். மெஹபூப் அலி அண்ணன் உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்த அறையில் எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எங்களுக்குப் பதிலாக ஆள் கொண்டுவருவீர்களா சார் என்று கேட்டேன். "வருவாங்க" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னீர்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்து அந்தப் பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். இன்று அதே கையால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வந்திருக்கிறீர்கள். எத்தனை ஆயாம்மா, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டீர்களே, நான் மடச்சி, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நல்ல வேளை, பெயர்களைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், நான் செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன், என்னை இனி யார் நம்புவார்கள் என்றேன். சகினா விடவில்லை. "இன்னா இப்போ? அவுங்க கூட்டத்துல உன் அண்ணன் உக்காந்தா நீ எழுந்து போய்டணுமா? அதுக்குத்தான் அவுரு பேர்ல போட்டுகினு கீறாங்க. இது கூட புரியலியா உனக்கு? கம்முனு உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். நிலா பயந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் நாற்காலி எனக்கு வேண்டாம். நோட்டீஸைத் திரும்ப வாங்க மாட்டோம். மூன்றாம் தேதி உங்கள் ஆட்களைக் கூட்டி வாருங்கள், வாசலில்தான் இருப்போம். தீபாவளிக்குக் கூப்பிட்டிருந்தேன். வர வேண்டாம்.

இப்படிக்கு
சொர்ணம்
செயலாளர், ஊழியர் சங்கம்


மதுராந்தகம்
9.11.2025

தங்கச்சி சொர்ணத்துக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வாசலில் வெயிலில் நிற்கிறீர்கள், தண்ணீர் குடிக்கிறாயா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம் சின்னவர் கூப்பிட்டார். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு இனிமே நீங்க கார் ஓட்ட முடியாது அசோகன். ஓட்ட முடியாத டிரைவர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? உங்க பேர்ல ஏஜென்சி போட்டுத் தர்றேன். நீங்க முதலாளி" என்றார். முப்பது வருஷம் இன்னொருவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன் சொர்ணம். கிண்டி ஆபீஸுக்குப் போன அன்று எனக்கு ஒருவன் திறந்துவிட்டான். அதில் மயங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் மயங்கியதும் நிஜம்தான். சகினாவின் தம்பி பார்த்தது என்னைத்தான்.

உன் பிளாக் பக்கம் வர எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஆள் தேடி செம்மஞ்சேரி போனேன், கண்ணகி நகர் போனேன். சம்பளம், வேன், யூனிபார்ம் எல்லாம் சொன்னேன். பெண்கள் நன்றாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். "எந்த ஸ்கூலு?" மந்தைவெளி என்பேன். "அங்க இருந்தவங்க எதுக்கு நின்னாங்க? யாரு அவுங்க?" என்பார்கள். ஆற்றோரக் குடிசைகளை இடித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்புவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றவர்கள்தானே. மந்தைவெளி ஆயாம்மா என்றாலே உன் பெயர் வந்துவிடுகிறது. "சொர்ணத்தாண்ட கேட்டியா? அது சரின்னா வர்றோம்."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? அம்மா வீட்டு வேலை பார்த்த காலத்தில், ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி நின்றுவிட்டால் அவளைக் கேட்காமல் அம்மா அந்த வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. எவ்வளவு பசி இருந்தாலும் மிதித்ததில்லை. எனக்குத்தான் மறந்துபோய்விட்டது. காசைக் கூட்டிச் சொன்னால் வந்துவிடுவார்கள் என்று சின்னவரிடம் வாய் கூசாமல் சொல்லியிருந்தேன்.

கண்ணகி நகரில் ஒரு வயசான அம்மா, "நீ யாரு நைனா அதுக்கு?" என்று கேட்டது. அண்ணன் என்றேன். அது சிரித்தது. "கூடப் பொறந்த அண்ணனா? அப்ப இன்னா கஷ்டம்? போய் ஒரு வார்த்த கேட்டுகினு வா, நானே பத்து பேரக் கூட்டியாறேன்" என்றது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் தேதி காலையில் இரண்டு வேன் எடுத்துக்கொண்டு செம்மஞ்சேரி முனையில் நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. காலி வேனோடு பள்ளி வரை வந்தேன். நீ வாசலில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தாய். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பதினான்காம் தேதி மறுபடியும் மேடம் கூப்பிட்டிருக்கிறார். பதினைந்து நாளில் ஆள் தருகிறேன் என்று சொல்லச் சொல்கிறார் சின்னவர். அதுவரை உங்களை வாசலில் காயவிட்டால் உடைந்து போவீர்களாம். நான் என்ன சொல்வேன் என்று இப்போது எழுத மாட்டேன். எழுதிவிட்டுச் செய்யாமல் போனால் அது இன்னும் கேவலம்.

அசோகன்


பெரும்பாக்கம்
23.11.2025

அண்ணனுக்கு,

நானும் நிலாவும் நலம். வெயிலில் கறுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பதினெட்டாம் தேதி கையெழுத்தாகிவிட்டது. ஏஜென்சி கிடையாது. முப்பத்திரண்டு பேரும் பள்ளியின் நேரடி ஆட்கள், பழைய சர்வீஸோடு. மே மாதத்துக்குப் பாதிச் சம்பளம். மீதிப் பாதிக்கு அடுத்த வருஷம் சண்டை போடுவோம் என்று மெஹபூப் அலி அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டார். மேடம் கூடச் சிரித்துவிட்டார்.

இந்தப் பதினைந்து நாளும் பள்ளிக்குள் டீச்சர்கள்தான் பிள்ளைகளைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் தினத்தன்று எல்.கே.ஜி.யில் ஒரே ஓலமாம். பெற்றோர்கள் வந்து ஆபீஸில் கத்தினார்கள். ஜவஹர் சாருக்கு உன்னை விட்டால் வேறு பிடி இல்லை. அந்தப் பிடியையும் நீ உருவிவிட்டாய்.

"மேடம், என்னால ஒரு ஆளையும் கொண்டார முடியாது. இன்னிக்கும் முடியாது, பதினஞ்சு நாள் கழிச்சும் முடியாது. இவுங்க சரின்னு சொல்லாம அந்த வேலைக்கு யாரும் வர மாட்டாங்க. சரின்னு சொல்லுன்னு எந்தங்கச்சியப் போய் நான் கேக்கவும் மாட்டேன்." பதினான்காம் தேதி மேடம் முன்னால் நீ சொன்னது இதுதான். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஜவஹர் சார் முகம் போன போக்கைச் சகினா இன்னும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே நீ மரத்தடியில் நின்றாய். நான் பேசாமல் போய்விட்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அன்று எனக்கு அழ நேரம் இல்லை, வாசலில் முப்பது பேர் தகவலுக்குக் காத்திருந்தார்கள்.

நன்றி என்று எழுத வரவில்லை. நீ செய்ததும் மறக்கவில்லை. நிலைமை என்ன என்று மட்டும் எழுது.

சொர்ணம்


வண்டலூர்
7.12.2025

அன்புத் தங்கை சொர்ணத்துக்கு,

ஒப்பந்தம் முடிந்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருக்கும்.

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் அண்ணியின் தம்பி வீட்டுக்கு நாலு நாள் தங்கலாம் என்று வந்தோம். அதனால்தான் இந்த முகவரி. வேலை வழக்கம்போல. முழங்கால் இப்போது பரவாயில்லை. நிறைய நடக்கிறேன், நடந்தால் நல்லது என்று டாக்டரே சொல்கிறார்.

நிலாவுக்குப் பரீட்சை எப்போது? மழையில் நனையாமல் போய் வரச் சொல்.

அசோகன்


பெரும்பாக்கம்
21.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்? நாலு நாள் தங்க வருகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டா வருவார்கள்? அண்ணி நிலாவிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். இந்த முறை குக்கர் விசில் எதுவும் இல்லை, ஒரு மணி நேரம் அழுதிருக்கிறாள்.

பதினான்காம் தேதி சாயந்தரமே உன்னிடம் இருந்த பெரியவர் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு, மறுநாளே நீங்கள் குடியிருந்த கட்டட ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். நோட்டீஸ் இல்லை, ஒரு பைசா செட்டில்மெண்ட் இல்லை. முப்பது வருஷம்! நீ எனக்கு எழுதுகிறாய், வேலை வழக்கம்போல என்று. நடந்தால் நல்லதாம். வேலை கேட்டுப் பெருங்களத்தூர் வரை நடக்கிறாய் என்று அண்ணி சொல்கிறாள். நீயெல்லாம் மனுஷனா? என்னிடம் சொன்னால் என்ன?

இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு விஷயத்தைச் சங்கத்தில் வைத்தேன். அண்ணன் என்று வைக்கவில்லை. உன் சம்பளம் அவர்கள் நகைக்கடையிலிருந்து வரவில்லை, பள்ளிக்கூடக் கணக்கிலிருந்துதான் வந்தது. அப்படியானால் நீயும் பள்ளியின் ஓட்டுநர், சங்கத்தில் சேரலாம் என்று சொன்னேன். பெரிய ரகளை ஆகிவிட்டது. நம் வயிற்றில் அடிக்க வந்தவனுக்காக நாமே போய் நிற்பதா என்று வாட்ச்மேன் கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை.

சகினாதான் எழுந்தாள். "எனக்கும் அந்த ஆளப் புடிக்கல. ஆனா இன்னிக்கு அவுரு சாவியப் புடுங்கினத நாம கம்முனு பாத்துகினு இருந்தா, நாளைக்கு மெஹபூப் அண்ணன் சாவி. நாளன்னிக்கு நமக்கே கேட்ட சாத்திடுவாங்க" என்றாள்.

கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. தங்கச்சி கை கணக்கில் வரக் கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை இல்லாமலே ஜெயித்துவிட்டது. கடைசியாகத் தூக்கியது வாட்ச்மேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது இன்னும் ஆகவில்லை, எப்போது ஆகும் என்றும் தெரியாது. இங்கே வந்தால் நாலு பேர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், நானும் திட்டுவேன், வாங்கிக்கொள். ஆனால் முப்பது வருஷம் வேலை செய்தவனை ஒரே சாயந்தரத்தில் தெருவில் விடுவதற்கு ஜவஹர் சாருக்கு உரிமை இல்லை. அதைக் கேட்காமல் விட மாட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை, காலை பத்து மணி, தொழிலாளர் அலுவலகம். அனுப்ரியா மேடமிடம் மனு கொடுத்தாயிற்று. அண்ணியையும் கூட்டி வா. சாப்பிட்டுவிட்டு வா, அங்கே நேரமாகும். நீ பக்கத்தில் இருந்தால் போதும், பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன்.

சொர்ணம்